மாப்பிள்ளையின் ஃபோல்டர்

கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் ஆடிக்குத் தங்கையை அழைத்துவர ஒரத்தநாட்டுக்கு நான்தான் போனேன். ஆடியில் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தின் மேல் எனக்கு அதுவரை பெரிய மரியாதை கிடையாது. அந்த வருடம் வந்துவிட்டது. ஒரு மாதம் முழுக்க மாப்பிள்ளை இல்லாமல் அவள் எங்களோடு இருப்பாள். எங்கள் ஊரான பாபநாசம் வரும்வரை பைக்கில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் இருவரும் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஒரு பண்ணை விளையாட்டு விளையாடி வந்தோம். கேம் கன்சோல் செத்த பிறகு லேப்டாப்பில், பழைய கன்சோல் விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் போட்டு அதையே தொடர்ந்தோம். வாசலைத் தாண்டினால் நிஜ வயல். நாங்கள் உள்ளே உட்கார்ந்து முள்ளங்கி விதைப்போம். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணமானதும் லேப்டாப்போடு அந்தப் பண்ணையும் அவளோடு போய்விட்டது.

இந்த ஆடிக்காகவே புதிதாக இரண்டு கண்ட்ரோலர் வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை, அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும் லேப்டாப்பைத் திறந்தோம். என் கோழிக் கொட்டகை இருந்த இடத்தில் மாட்டுக் கொட்டகை நின்றது.

"இது யார் வேலை?"

"அவரு கட்டுனாரு. நல்லாருக்குல்ல?"

செட்டிங்ஸில் போய், விளையாட்டின் சேமிப்பெல்லாம் இருக்கும் யூசர் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இணையத்தில், இருவருக்கும் பொதுவான இடத்தில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே தன் கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் இங்கேயும் வந்துவிடும். ஆடியில் எங்கள் வாசற்படி மிதிக்காத மனிதர், தினமும் பண்ணைக்குள் வந்து பால் கறந்துவிட்டுப் போவார். எனக்கு வயிறு எரிந்தது. அவரைத் தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும், அது வேறு எரிச்சல்.

"நமக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் போடுண்ணே," என்றாள்.

வாயெல்லாம் பல்லாக லேப்டாப்பிலேயே புது ஃபோல்டர் திறந்து, எமுலேட்டருக்கு அந்த இடத்தைக் காட்டினேன். எமுலேட்டரை மூடித் திறந்ததும் வெறும் தரிசு நிலம் வந்தது. எங்கள் இருவருக்கு மட்டுமான நிலம்.

"என்ன திடீர்னு?" என்று கேட்டேன்.

"நாம எதையாவது பண்ணி அவரு பண்ணை கெட்டுப்போச்சுன்னா? பாவம்ல."

அவரு பண்ணை. விதைத்தது நான், தண்ணீர் ஊற்றியது நான். கண்ட்ரோலர்களைச் செட் செய்ய ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். எல்லாம் பதிந்ததும் முதல் கண்ட்ரோலரை அவளிடம் நீட்டினேன். அவள் தரையில் கிடந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், ஒண்ணு உனக்குத்தானே?"

"அங்க அவருதான் ஒண்ணு, நான் ரெண்டு. அப்படியே பழகிடுச்சுண்ணே."

காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட முதல் கண்ட்ரோலரை எனக்கு விட்டுக்கொடுக்காதவள் அவள். தரையில் புரண்டு அழுது வாங்கிக்கொள்வாள். இப்போது அது முதன்முறையாக என் கையில் இருந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.