நாலு விரல் குறைந்த சிப்பம்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு குடோனில், எங்கள் பக்கம் அவுரி என்று சொல்லும் நிலாவரை இலையைத் தரம் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டில் மலச்சிக்கலுக்கு மருந்தாகக் குடிக்கிறார்கள். காய்ந்த இலையைப் பிரஸ்ஸில் அமுக்கிச் சிப்பமாகத் தைத்துக் கண்டெய்னரில் அனுப்புவோம். பிரஸ் ஓட்டுகிற அண்ணாச்சி, அதன் அழுத்த மீட்டர் கண்ணாடியில் தன் மகளின் நகப்பாலீஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். முள் அதைத் தொட்டதும் நிறுத்திவிடுவார். தாண்டினால் இலை நொறுங்கும், சரக்கு திரும்பி வந்துவிடும்.

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. பூமியை நெருக்கி நெருக்கி ஒரு கோலிக்குண்டு அளவுக்குக் கொண்டுவந்தால் அது கருந்துளை ஆகிவிடும், வெளிச்சம்கூட அதிலிருந்து தப்பாது என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அட சாமி, அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அப்படியானால் நம் ஐம்பது கிலோ சிப்பத்தை?

தேடிப் படித்துவிட்டு அண்ணாச்சியிடம் போனேன். “அணுவுக்கு நடுவுல கரு இருக்குல்லா, அதைவிடப் பல கோடி மடங்கு சின்னதா அமுக்கணுமாம். எடை மட்டும் அதே அம்பது கிலோ.”

“அப்போ மொத்தச் சரக்கையும் சட்டைப் பையில போட்டு கப்பல் ஏத்திரலாம்னு சொல்லுத.”

“பையில நிக்காது அண்ணாச்சி. அவ்வளவு சின்னக் கருந்துளை கண்ண மூடித் தொறக்குமுன்ன வெடிச்சிருமாம். தூத்துக்குடியே இருக்காது.”

“ஏளா, கிறுக்கு முத்திட்டு உனக்கு,” என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

இலை நிரப்பிய பிரஸ் அப்படியே நின்றது. கருந்துளை ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எவ்வளவு தூரம்தான் போகும்? பொத்தானை அழுத்தினேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, உள்ளே நறநறவென்று சத்தம். பயந்து நிறுத்தினேன். சிப்பம் நாலு விரல் குட்டையாகியிருந்தது. தராசில் வைத்தால் அதே ஐம்பது! சந்தோஷம் தாங்கவில்லை. யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று சாக்கில் தைத்து மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன்.

மறுநாள் சரக்கு வாங்குகிறவரின் ஆள் சோதனைக்கு வந்தார். குட்டையாக இருந்த அந்தச் சிப்பத்தைத்தான் முதலில் பிரித்தார். தூளாகக் கொட்டியது. முதலாளி அண்ணாச்சியைப் பார்த்து, “நாளைக்கு வேற ஆளு வருவான், நீரு கிளம்பும்” என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் அமுக்குனேன். அவரு சாப்பிடப் போயிருந்தாரு,” என்றேன்.

அவர் வேலை தப்பியது. என்னைத் தரம் பார்க்கும் மேஜையிலிருந்து தூள் சலிக்கும் பக்கம் தள்ளினார்கள். முதலில் சலித்தது அந்தச் சிப்பத்தைத்தான். அண்ணாச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மேஜை போனதைவிட அதுதான் வலித்தது.

நாலாம் நாள் டீ கிளாசோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னைக்கு அமுக்குனதை எடை போட்டியா?”

“போட்டேன். அதே அம்பதுதான்.”

“எவ்வளவு குறைஞ்சுது?”

“நாலு விரலு.”

டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

“இன்னும் எவ்வளவு அமுக்கணும்னு சொன்ன?”