தங்கை தாளில் விழாத தப்பு

என் வீட்டுக்காரர் கெலெப்பி எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊர்ப் பிள்ளைகள் நோட்டில் தப்பு போட்டே சிவப்புப் பேனாவைத் தீர்ப்பவர். அந்த மனுஷர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் தங்கை ஃபெஹோகோவுக்கு முப்பத்துநாலு வயசு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு தடவை தோற்றாள், இரண்டு தடவையும் அடுக்குக் கணக்கில். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

எங்கள் டோங்காத் தீவுகளில் பெரியவர்களாகிவிட்ட அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் உட்கார மாட்டார்கள். தங்கைதான் உசத்தி, அவளை அண்ணன் குறை சொல்லக் கூடாது. அதனால் அவள் கொல்லையில் சீமைப்பலா மரத்தடியில் கணக்குப் போடுவாள். நான் தாளை உள்ளே கொண்டுபோவேன், அவர் திருத்தித் தருவார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது திருத்திய தாளைப் பார்த்தேன். ஐந்து அடுக்கு பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் அவர் போட்ட சரி. மேஜையில் கிடந்த பள்ளிக்கூட நோட்டில் அதே விடைக்குத் தப்பு.

"ஏங்க, பிள்ளைங்களுக்குத் தப்பு, இவளுக்கு மட்டும் சரியா?"

"அவ என் தங்கச்சி. அவ தாள்ல எப்படித் தப்பு போடுறது?"

"மரியாதையாம் மண்ணாங்கட்டியாம். ரெண்டு தடவையும் அவளைத் தோக்கடிச்சது நீங்கதான்."

அவர் அடுத்த நோட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்.

"சரி, எனக்குச் சொல்லிக் குடுங்க. பொண்டாட்டியைத் திட்டலாம்ல?"

சொன்னார். "அஞ்சை மூணு தடவை பெருக்கினதை, அதே மாதிரி பெருக்கினதால வகுத்தா ஒண்ணு. அடுக்கு மூணுல மூணு போனா பூஜ்யம். ரெண்டும் ஒரே கணக்குதான்."

நாத்தனார் தாளில் பேனா வைக்க எனக்கும் உரிமை கிடையாது. ஆனாலும் பதினாலு கணக்கில் பதினொன்றுக்கு நானே தப்பு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஃபெஹோகோ ஒவ்வொரு தப்பாக விரல் வைத்துப் பார்த்தாள். "அண்ணி, முன்னாடி போட்ட தாளெல்லாமும் இப்படித்தானா?"

"ஆமா."

முகம் கறுத்துவிட்டது. எழுந்து வந்து அவர் அறைச் சன்னலுக்கு வெளியே முதுகு காட்டி நின்றாள். அவர்கள் நேருக்கு நேர் பேசி இருபது வருஷம் இருக்கும்.

"அண்ணா, அஞ்சு அடுக்கு பூஜ்யம் எவ்வளவு?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"ஒண்ணு," என்றார் கடைசியில். "நீ எழுதினது தப்பும்மா."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள்.

"அடுத்த கணக்கு," என்றாள்.