லாஞ்சு வீட்டுச் செல்வாம்பாள்

செல்வாம்பாள் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். தண்ணீர் கொண்டுவந்தவர் குடத்தைத் தோளில் வைத்தபடியே கரையில் நிற்கிறார். அவள் தலையாட்டினால்தான் குடம் லாஞ்சுக்குள் போகும்.

"இது நேத்து எடுத்த கெணறு இல்ல."

"அதே கெணறுதாம்மா."

"பொய் சொல்லாதப்பா. இது கொல்லத்துத் தண்ணி மாரி வழவழன்னு இருக்குது."

அவர் சிரித்துவிட்டு, அந்தக் கிணற்றில் கூட்டமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

கொல்லம் என்ற ஊரின் ஒரு தெருவைக்கூட அவள் பார்த்ததில்லை. அதன் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். தை பிறந்து கடல் அடங்கியதும் அவளும் அவள் புருஷன் சக்கரபாணியும் தாங்கள் குடியிருக்கிற மோட்டார் லாஞ்சில் தெற்கே கிளம்புகிறார்கள். காரைக்கால், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி, கொல்லம் என்று கரையை ஒட்டியே போய், சித்திரை வெயில் முற்றுவதற்குள் திரும்புகிறார்கள். ஊர் வந்ததும் டீசலுக்கும் அரிசிக்கும் இறங்கிப் போவது அவர். யாராவது ஒருத்தர் லாஞ்சிலேயே இருந்தாக வேண்டும். ஒரு தடவை எங்கேயோ திருடர்கள் வடக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து அவள் வழியில் எந்தத் துறையிலும் இறங்கியதில்லை. இராமேஸ்வரத்தில் கோபுரத்தைத் தண்ணீரில் இருந்தே பார்த்துக் கர்ப்பூரம் கொளுத்தியிருக்கிறாள்.

"சாமிக்குத் தெரியும், படகுல ஆளு வேணும்னு" என்றாள் என்னிடம். குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அரியாங்குப்பம் ஆற்றின் வடகரையில், எங்கள் கொல்லைக்கு நேர் கீழே அந்த லாஞ்சு கட்டிக் கிடக்கிறது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு சீமைக்குப் போன வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனது. முகப்பில் 'ஜக்லீன்' என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறது. அது அவர் மகளா மனைவியா என்று யாருக்கும் தெரியாது. சக்கரபாணி ஒவ்வொரு வருஷமும் வர்ணம் அடிக்கும்போது அந்தப் பெயரையும் புதிதாக எழுதுகிறார்.

"அவ எஞ் சக்களத்தி. வருசா வருசம் அவளுக்குத்தான் மொதல்ல புதுசு. அப்புறந்தான் எனக்குச் சீல" என்பாள் செல்வாம்பாள்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அவள் உட்கார்ந்தே தலை வாருகிறாள், உட்கார்ந்தே புடவை கொசுவுகிறாள். மண்ணெண்ணெய் அடுப்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறாள். குழம்புச் சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதே இல்லை. சோறு வடிக்கும்போது இடது கை தானாகப் போய் ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கை எங்கள் வீட்டுக்கு வரும்போதும் சும்மா இருப்பதில்லை. நான் தைக்கும் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து நிற்பாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

"தர ஆடுது தங்கச்சி."

"தரை ஆடலக்கா. நீங்கதான் ஆடறீங்க."

"நான் எங்க ஆடறேன். ஒங்க ஊருதான் ஆடுது."

சக்கரபாணியை ஊரில் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஆற்றில் குடும்பத்தோடு படகிலேயே வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே மகள் சந்திரகலாவைக் கருவடிக்குப்பத்தில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்த மறு மாதம் வீட்டை விற்று இந்த லாஞ்சை வாங்கினார். "பொண்ணக் குடுத்தாச்சு. நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தாம் பெரிய வீடு?" என்று அவர் கேட்டபோது அவளுக்கும் சரியென்றே பட்டிருக்கிறது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது இரண்டு பேருக்கும் அன்றைக்கு நினைவு வரவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள்.

சந்திரகலாவுக்குப் பல வருஷம் கழித்துத்தான் உண்டானது. போன வைகாசியில் செய்தி வந்ததிலிருந்து செல்வாம்பாள் சாப்பாட்டில் மனது வைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். விசாரித்து வைத்தேன். பின்பக்கம் முற்றத்தோடு நல்ல அறையாகவே அமைந்தது. அதைப் பார்க்க அவள் வரவே இல்லை. அன்று சாயங்காலம் லாஞ்சில் நடந்த பேச்சு எங்கள் கொல்லை வரை கேட்டது.

"மூணு மாசத்துக்கு ஒரு ரூமு. அதுக்குமேல கேக்கல."

"வூடு இருக்கறப்ப எதுக்குடி வாடகை வூடு? நாலு பேரு என்னா கேப்பான்? சொல்தாவுக்கு வூடு இல்லன்னுதான?"

"இல்லதான?"

மறுநாள் அவர் சுத்தியலும் பலகையுமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. உள் அறைக்கு வெள்ளை அடித்தார். மகள் உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலுக்குப் பக்கப் பலகை வைத்தார். மேல்கட்டையில் தூளி கட்ட வளையம் முடுக்கினார். கரையில் போகிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "தூளிய யாரும் ஆட்ட வேணாம். அதும்பாட்டுக்கு ஆடும். வுவாலா, பாத்துக்கோ!" என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் முடித்தார். செல்வாம்பாள் அந்த வளையத்தைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. அதற்கப்புறம் அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பழைய புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள். சுக்கும் திப்பிலியும் வாங்கி இடித்தாள்.

கார்த்திகையில் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய் வீட்டில் விட வந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. லாஞ்சு கயிற்றை இழுத்து இழுத்து விட்டது. ரிக்ஷாவில் இருந்து சந்திரகலாவும் அவள் மாமியார் அங்கம்மாளும் இறங்கினார்கள். பெண்ணின் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்கள். செல்வாம்பாள் ஆரத்தித் தட்டோடு லாஞ்சின் விளிம்பில் நின்றாள்.

அங்கம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கரைக்கும் லாஞ்சுக்கும் நடுவே போட்டிருந்த பலகையைப் பார்த்தாள்.

"ஏஞ் சம்மந்தி, ஒரு எடம் பாத்துடறேன்னுதான போன மாசம் சொல்லி அனுப்பினீங்க?"

சக்கரபாணி முந்திக்கொண்டார். "உள்ள வந்து பாருங்க. ராணி அரமன மாரி பண்ணி வச்சிருக்கேன். வலி எடுத்தா ஆஸ்பத்திரி பத்து நிமிசம்."

"ஆஸ்பத்திரியில பெத்தாலும் இங்கதான கொண்டாரணும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பச்சப் புள்ளைக்கு ஊத்தற மொதத் தண்ணிய எங்க ஊத்துவீங்க? நஞ்சுக்கொடிய எங்க பொதைப்பீங்க?"

அவர் கரையைக் காட்டினார். "இம்மாம் மணலு கெடக்குதே."

"நாளைக்கே வெள்ளம் வந்தா அரிச்சிக்கினு போற மணலு. எங்க ஊட்ல பொறக்கறது எதுவும் ஆத்தோட போனதில்ல."

அங்கம்மாள் சத்தம் போடவில்லை. கேலியும் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ சக்கரபாணி மணலைக் காட்டிய கையை இறக்கிக்கொண்டார். செல்வாம்பாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரேம்மா" என்று சந்திரகலா பலகையில் ஒரு காலை வைத்தாள். அந்த நேரம் லாஞ்சு தூக்கிப் போட்டது. பலகை ஒரு சாண் நகர்ந்தது. பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, காலைப் பின்னால் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கூட்டிக்கினு போங்க சம்மந்தி" என்றாள் செல்வாம்பாள். "ஏறுறப்ப பாத்து ஏத்துங்க. ரோடு குண்டும் குழியுமா இருக்குது."

ரிக்ஷா திரும்பியது. செல்வாம்பாள் ஆரத்தித் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். அந்தத் தண்ணீரைத் தெருவில் ஊற்ற வேண்டும். அவளுக்குத் தெரு ஏது? நான் கீழே இறங்கிப் போய்த் தட்டை வாங்கிவந்து எங்கள் வாசலில் ஊற்றினேன்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. கருவடிக்குப்பத்து வீட்டிலேயே, மருத்துவச்சி வந்து பார்த்துச் சுகப் பிரசவம். செய்தி வந்த அன்று செல்வாம்பாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கூட வரியா தங்கச்சி? ரோட்ல தனியா நடக்க பயமா இருக்குது" என்றாள். சக்கரபாணி லாஞ்சில் காவல் இருந்தார். அவர் காவலுக்கு இருந்து அவள் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதை நான் பார்த்தது அன்றுதான். துணிமூட்டையும் இடித்த மருந்தும் அவள் மடியில் இருந்தன. ரிக்ஷாவில் ஏறியதும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு வந்தபோது, "எம்மாம் கடை" என்றாள்.

அங்கம்மாள் நல்லபடியாகவே வரவேற்றாள். மோர் கொடுத்தாள். "மூக்கு ஒங்க மூக்குதான் சம்மந்தி. உள்ள போயி பாருங்க" என்றாள். அறையில் இருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

செல்வாம்பாள் எழுந்தாள். ஆனால் அறைப் பக்கம் போகவில்லை. "எந்த எடத்துல பொதைச்சீங்க?" என்று கேட்டாள்.

அங்கம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள். நானும் பின்னால் போனேன். கிணற்றடியைத் தாண்டி வாழைக்குப் பக்கத்தில் நஞ்சுக்கொடி புதைக்கப் புதிதாகக் கொத்தின இடம் தெரிந்தது. மண் பொலபொலவென்று கிடந்தது. ஓரத்தில் நாய் கால் வைத்த தடம் இருந்தது.

"ஆழம் பத்தாது" என்றாள் செல்வாம்பாள். யாரிடமும் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அந்த மண்ணை அழுத்தினாள். சுற்றிலும் இருந்த ஈர மண்ணை அள்ளி மேலே போட்டு மறுபடியும் அழுத்தினாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல்லை இழுத்து வந்து அந்த மண்ணின் மேல் வைத்தாள். அசைகிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.