சித்திரக்கூடத்தில் வாப்பாவின் முதுகு

புது டிஸ்டெம்பரின் வாசமும் பழைய உமியின் வாசமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறினால், ஆகஸ்ட் 'லீவு' தொடங்கிவிட்டதென்றே எனக்கு இன்றைக்கும் தோன்றும். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைக்குப் போகும் வழியில், ரஞ்சினி டீச்சரின் தகப்பன் ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்த பெரிய களஞ்சியம் ஒன்று இருந்தது. டீச்சர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாங்கியும் வரைந்தும் வாய்விட்டுக் கேட்டும் தான் சேர்த்த படங்களையெல்லாம் அந்தக் களஞ்சியத்துக்குள் மாட்டி, வாசலில் 'சித்திரக்கூடம்' என்று ஒரு பலகையும் வைத்துவிட்டார். மற்ற மாதங்களில் அங்கே டீச்சரும் பல்லிகளும்தான். ஆகஸ்ட் வந்தால் மட்டும் கூடத்துக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். காலையில் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு, பின்னேரம் களிமண் வேலை, மாணவர்கள் வரைந்தவற்றின் கண்காட்சி, புதன்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு மட்டுமென்று தனியாக ஒரு நேரம். வெளியே மேற்கிலிருந்து வீசும் 'கச்சான்' காற்று கதவைப் பிடித்து அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் சிமெந்துத் தரையில் குப்புறக் கிடந்து உடுப்பெல்லாம் வர்ணமாக்கிக்கொண்டோம். அதைவிடச் சந்தோஷமான இடம் ஒன்றை நான் பிறகு கண்டதில்லை.

எங்கள் வாப்பாவுக்கும் அந்தக் கூடத்துக்கும் இருந்த உறவு சுவரோடு சரி. கல்முனைக் கடைத்தெருவில் அவருக்குப் பெயின்ட் கடை. கண்காட்சிக்கு முன்னால் சுவருக்குப் பூசும் வெள்ளை அங்கிருந்துதான் போகும். ஆகவே திறப்பு நாளன்று மரியாதைக்கு ஒருமுறை வந்து போவார். வந்தவர் படம் ஒன்றையாவது ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமே! சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ரெண்டாம் கோட்டு சரியா அடிக்கல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டுச் சுவரில் மணிக்கூட்டையும் கஃபாவின் படத்தையும் தவிர வேறொன்றும் தொங்கியதில்லை. உருவப் படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று வாப்பா நம்பினார். சத்தம் போடாமல், விவாதிக்காமல், உறுதியாக நம்பினார். அப்படிப்பட்டவரின் மூத்த மகளுக்குத்தான் சித்திரப் பைத்தியம் பிடித்திருந்தது. என் ராத்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. கூடத்துக்குப் போகவும் பிறகு உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கவும் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கியிருந்தாள். வாப்பா சும்மா சம்மதிக்கவில்லை. "மரத்த வரை, குளத்த வரை, வீட்ட வரை. ஆள வரைஞ்சா அண்டைக்கே நிப்பாட்டிருவன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வாப்பா சொன்னால் சொன்னதுதான். கூடமும் போகும், பாடமும் போகும்.

ராத்தா இரண்டு ஆகஸ்டுகள் அந்தச் சொல்லுக்கு அடங்கி நடந்தாள். சாகாமக் குளத்தைக் காலையில் வரைந்தாள், மாலையில் வரைந்தாள், தண்ணீர் நிறைந்தும் வற்றியும் வரைந்தாள். "இனியும் அள்ளினா அந்தக் குளத்துல ஒண்டும் மிஞ்சாது பிள்ள" என்று டீச்சரே கேலி பண்ணும் அளவுக்கு வரைந்தாள். மூன்றாவது வருடம், பகல் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெற்றுப் பாத்திரத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவளுடைய கண் வேறு பக்கம் போயிருக்கிறது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். கடையின் சுவர்த்தட்டு நிறையப் பெயின்ட் டின்கள். அவற்றுக்கு முன்னால், மேல்தட்டுக்குக் கையை நீட்டியபடி, சாரனும் அரைக்கைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு மனிதரின் பின்புறம்.

"ராத்தா, இது வாப்பா!"

"மூஞ்சி இல்லாட்டி அது ஆளில்ல. வாயப் பொத்திட்டு இரி" என்றாள்.

'கடை' என்று மட்டும் பெயரிட்டு டீச்சர் அதை நடுச்சுவரில் மாட்டினார். திறப்பு நாளன்று வாப்பா வழக்கம்போலச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அந்தப் படத்தின் சட்டத்தருகே கையை எடுத்து, அந்தப் பக்கம் வைத்து, தாண்டிப் போய்விட்டார். பாடசாலை அதிபர்மார் வந்தார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தார் வந்தார்கள், அவரோடு தினமும் பிளேன்டீ குடிக்கும் கடைத்தெரு முதலாளிமார் வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தப்பிவிட்டோம் என்று நானும் ராத்தாவும் கையைக் கிள்ளிக்கொண்டோம்.

அப்புறம் புதன்கிழமை வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே போவதென்றாலும் சாப்பாட்டோடுதான் போவார்கள். அது கடற்கரையோ கண்காட்சியோ என்ற பேதமில்லை. உம்மாவும் சாச்சியும் பக்கத்து வீட்டு சபுறா மாமியும் இன்னும் நாலைந்து வீட்டாரும் ஆட்டோக்களில் அடைந்து வந்து, வட்டிலப்பச் சட்டியைக் கதவோரம் இறக்கி வைத்துவிட்டு, சாவகாசமாகப் படம் பார்க்கத் தொடங்கினார்கள். நடுச்சுவருக்கு வந்த சபுறா மாமி நின்றார். தலையைச் சரித்தார். பிறகு கூடமே அதிரச் சொன்னார்:

"அல்லாஹ்வே! இது நம்மட பெயின்ட்கட ஹாஜியார்ர முதுகெல்லவாகா!"

அவ்வளவுதான், எல்லாரும் ஓடி வந்தார்கள். "ஓம்கா, அவர்தான்!" "தோளப் பாருங்களன்!" "அவருக்கு ஒரு டின் எட்டல்லயெண்டா இப்பிடித்தான் ஒரு கால்ல நிப்பார்!" ஒரே சிரிப்பு. எங்களுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வாப்பா அந்நியப் பெண்களை முகத்துக்கு நேரே பார்த்துக் கதைக்கமாட்டார். கடைக்குப் பெண்கள் வந்தால் சலாம் சொல்லிவிட்டு அப்படியே தட்டுப் பக்கம் திரும்பிவிடுவார். என்ன நிறம், எந்த அறைக்கு, எத்தனை லீற்றர் என்று எல்லாவற்றையும் டின்களிடமே விசாரிப்பார். ஊரில் பாதிச் சனத்துக்கு அவருடைய முகம் சரியாகத் தெரியாது, முதுகு மனப்பாடம். மகள்காரி அவரை ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பக்கத்தைத்தான் வரைந்து வைத்திருந்தாள்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது யாரென்று தெரிந்திருக்கவில்லை. "என்ட மனிசன்ட முதுகு என்னை விட ஊர்ப் பொண்டுகளுக்கு நல்லாத் தெரியிது" என்று ஆட்டோவில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

செய்தி எங்களுக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. அன்றிரவு வாப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினார். மறுநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருக்கலாம். ராத்தா தூரிகைகளைக் கழுவிக் காயவைத்து, வர்ணப் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கட்டினாள். டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. சித்திரத்துக்குப் பதிலாக வேறென்ன பாடம் எடுக்கலாமென்று என்னிடம் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

கண்காட்சியின் கடைசி நாளன்று, மௌத்தானவரை அடக்கப் போவதற்கன்றி வேறெதற்கும் நேரத்தோடு கடையைப் பூட்டாத வாப்பா, லுஹர் தொழுகை முடிந்த கையோடு பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "எல்லாரும் வெளிக்கிடுங்க" என்றார். கூடத்துக்குள் நுழைந்தவர் நேரே நடுச்சுவருக்குப் போய் நின்றார். தன் முதுகைத் தானே கண்டவர் யார்? முதலில் அவருக்கு டின்கள்தான் பிடிபட்டன. ஒவ்வொன்றாக நிறத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். பிறகு தன் பிடரியைக் கையால் தொட்டார்.

"பின்னால இவ்வளவு நரைச்சிட்டா?" என்று கேட்டார் வாப்பா.

"ஓம். எப்பயோ" என்றார் உம்மா.

வாப்பா ராத்தாவின் பக்கம் திரும்பினார். "ஏன் முதுக வரைஞ்ச நீ?"

"மூஞ்சி வரையக் கூடாதெண்டு நீங்கதானே..." என்று அழுதுவிட்டாள்.

"கேட்டிருந்தா நான் இந்தப் பக்கம் திரும்பி நிண்டிருப்பனே, மகள்" என்றார் வாப்பா.

அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் எல்லாருமே ஆடிப்போனோம். மார்க்க விஷயத்தில் வாப்பா மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவருக்கு வரவில்லை, அவர் கேட்கவுமில்லை. ஆனால் ராத்தா கட்டி வைத்த பையை அவிழ்த்தாள். அவள் ஆள் வரைவதைப் பற்றி வாப்பா பிறகு வாயே திறக்கவில்லை.

இப்போது அந்தக் களஞ்சியம் இருந்த இடத்தில் குளிரூட்டிய கல்யாண மண்டபம் நிற்கிறது. ரஞ்சினி டீச்சர் காலமாகி, படங்கள் உறவினரிடையே பிரிந்து போயின; 'கடை' யாருடைய வீட்டில் இருக்கிறதென்று தெரியவில்லை. வாப்பாவின் கடையில் என் தம்பி கணினி வைத்து நிறம் கலந்து கொடுக்கிறான். ஆகஸ்ட் லீவு பிள்ளைகளுக்கு 'டியூசன்' வகுப்புகளில் கழிகிறது. ராத்தா பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறாள். ஊரில் அவள் வரையாத முகமில்லை. போன பெருநாளுக்கு வாப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர் முன்கூடத்துக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, பொக்கை வாய், வரையச் சொல்லி அழைக்கும் முகம். இத்தனை வருடத்தில் ஏன் ஒருமுறையாவது கேட்கவில்லையென்று ராத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கேட்டா எனக்காக இந்தப் பக்கம் திரும்பி நிப்பார். அதுதான் கேக்கல்ல."