கறுப்பு மணலில் வரைந்த ராஜஸ்தான்

செவ்வாய்க்கிழமை காலை டெலிபோன் அடித்தது. என் மகள் எடுத்தாள். மறுமுனையில் ரங்கசாமியின் மனைவி சந்தா. "அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. அவரு போயிட்டாரு. போகும்போது நல்ல மழை." துக்கச் செய்திக்குள் அவர் ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தார். ரங்கசாமியோடு பழகியவர்களுக்கு அது விளங்கும்.

எங்கள் ஊர்க் கலவரத்துக்குப் பிறகு நான் ஆக்லாந்தின் ரானுயிப் பகுதிக்கு மகளிடம் வந்து சேர்ந்த வருடம். டெய்ரி என்று இங்கே சொல்லும் எங்கள் தெருமுனைக் கடைக்கு முன்னால் ஒரு மனிதர் குடையில்லாமல், முகத்தை மேலே காட்டி மழையில் நின்றார்.

"ஏன் தம்பி நனையிறீர்? தடிமன் பிடிக்கப்போகுது."

"அண்ணாச்சி, எங்க ஊர்ல இதுக்காக வருஷக்கணக்கா காத்துக் கிடந்திருக்கோம். இங்க சும்மா கொட்டுது. நிக்காமப் போனா மரியாதையா?"

எந்த ஊர் என்று கேட்டேன். "பொறந்தது திருநெல்வேலி. தாகம் எடுத்தது ராஜஸ்தான்ல" என்றார். ஜோத்பூரில் ரயில் ஓட்டி, அங்கேயே பெண் கட்டி, ஓய்வு பெற்றபின் மகனோடு இங்கே வந்தவர் ரங்கசாமி. ஊரில் கிணற்றை நம்பிப் புகையிலை வைத்தவன் நான். தண்ணீரைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வேறு அறிமுகம் தேவைப்படவில்லை.

அந்த நாட்டுக் கிணறுகளைப் பற்றி அவர் சொல்லக் கேட்க வேண்டும். படிப்படியாக இறங்க வேண்டுமாம். தூண்கள், சிற்பங்கள், மண்டபங்கள் எல்லாம் தாண்டி அடியில் தண்ணீர். "நாம சாமிக்காக மேல பாத்துக் கோபுரம் கட்டினோம். அவங்க தண்ணிக்காகக் கீழ பாத்துக் கட்டினாங்க" என்பார். ராசாவின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது மரத்தைக் கட்டிப்பிடித்துத் தலைகொடுத்த பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. நம்முடைய தமிழ் ஒன்றுகூடல்களில் சந்தா கதவோரம், மடியில் கைப்பையோடு இருப்பார். தமிழில்தான் பேசுவார், நம்மவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். "வடக்கத்தி மனிசி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் என் மகளும் ஒருத்தி. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். "அதை விடுங்கோ அப்பா" என்கிறாள். எழுது பிள்ளை என்கிறேன்.

"என் ஆளுகளுக்கு எத்தனை வருஷம் இட்லி அவிச்சுப் போட்டிருக்கா. அவ ஊரை ஒருநாள் இவங்க பாக்கணும், அண்ணாச்சி" என்றார் ரங்கசாமி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மேற்குக் கடற்கரை மணல்மேடுகளுக்கு அழைத்தார். பாலைவன விழாவாம். "ஆக்லாந்தில பாலைவனமோ?" என்று சிரித்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

மணல் கறுப்பு. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பெண்கள் கொண்டுவந்திருந்த சேலைகளை வாங்கி ஆண்கள் எல்லோருக்கும் தலைப்பாகை கட்டினார். மகளின் சிவப்புச் சேலை என் தலையில் ஏறியது. பிறகு கைத்தடியால் ஒரு வீட்டளவுக்கு ராஜஸ்தானைக் கீறினார். மணலைக் குவித்து ஆரவல்லி மலை. பிஸ்கற் டின் மூடி உதய்பூர் ஏரி. ஜெய்சல்மேர் கோட்டையைப் பிள்ளைகள் கட்டினார்கள். சந்தா சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், வழக்கம்போல ஓரமாக இருந்தார்.

கோட்டைக்குக் கொடி குத்தும்போது மழை பிடித்தது. எல்லோரும் கார்களுக்கு ஓடினார்கள். அரை நாள் வேலை கண்முன்னே கரைந்தது.

"போச்சு தம்பி, உம்மட ராச்சியம்."

அவர் கோட்டையைப் பார்க்கவில்லை. "அங்க பாருங்க, அண்ணாச்சி."

சந்தா மணல்மேட்டின் உச்சிக்கு ஏறியிருந்தார். ஆரஞ்சு முக்காட்டை இரண்டு கையாலும் விரித்து, பாடிக்கொண்டே சுழன்றார். அந்த மெலிந்த மனிசிக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்ததை அன்றுதான் அறிந்தோம்.

"அந்த ஊர்ல மழைன்னா யாரும் உள்ள ஓட மாட்டாங்க. வீட்டுக்குள்ள இருக்கவங்க வெளிய வருவாங்க" என்றார் ரங்கசாமி.

ஒரு கார்க் கதவு திறந்தது. என் மகள். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மேட்டில் ஏறினாள். "மாமி, அந்தக் கையை எப்பிடிச் சுத்துறது?"

"இடுப்பையும் சேத்துச் சுத்து. கைய மட்டும் ஆட்டினா ஈ ஓட்டுற மாதிரி இருக்கும்."

அதற்குப் பிறகு காருக்குள் எவரும் இருக்கவில்லை. தலைப்பாகைச் சாயம் ஆண்களின் முகங்களில் வழிந்தது. ரங்கசாமி அழிந்த கோட்டையின் மேலேயே நின்று சிரித்தார். "இதுதான் ராஜஸ்தான். நான் கீறினது வெறும் அடையாளம்."

அந்த நாளுக்குப் பிறகு சந்தாவைக் கதவோரம் இருக்க எவரும் விட்டதில்லை.

ரங்கசாமியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரு பழக்கம். மழை வந்தால் வெளியே வருவது. இன்றைக்கும் பெய்கிறது. மகள் இதை எழுதி முடித்ததும், இருவரும் குடை எடுக்காமல் சந்தாவின் வீட்டுக்கு நடக்கப் போகிறோம்.