பாதியில் நின்ற விண்ணப்பம்

வாடகை வீடுகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு விண்ணப்பப் படிவங்கள் செய்வது என் வேலை. பாதி நிரப்பி 'சேவ்' அழுத்திவிட்டுப் போகலாம். பத்து நாள் கழித்து வந்தாலும் எழுதியது எழுதியபடி திரும்பி வரும். அதைச் செய்தவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஓர் அன்ரி தனியாக இருக்கிறார். லிப்ட் இல்லாத கட்டடம், அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கீழ்வீடு ஒன்று கேட்டு எங்கள் இணையதளத்தில்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். நிரப்பியது சரியா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். போனால், சாப்பாட்டு மேசையில் லாப்டொப் நாலு நாளாகத் திறந்தபடி, சார்ஜரோடு. தூசி படாமல் ஒரு துவாய் வேறு போர்த்தியிருந்தது.

"ஏன் அன்ரி, சேவ் பண்ணிப்போட்டு மூடலாமே?"

"எழுதி முடிக்காததை அவையிட்டைக் குடுக்கப்படாது, தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவ் அழுத்தினேன், லாப்டொப்பை மூடினேன், திறந்தேன். பெயர், முகவரி, நோய் விவரங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அன்ரியின் முகம் கறுத்துப்போயிற்று.

"வந்திறங்கின அண்டைக்கு எயார்போட்டிலை இமிகிரேசன்காரர் என்னை விசாரிச்சினம். களைப்பிலை பாதிதான் சொன்னன். மிச்சத்தைப் பிறகு சொல்லலாம் எண்டு நினைச்சன். அஞ்சு வருசம் கழிச்சு அகதி வழக்கு நடந்த கோட்டிலை அந்தப் பாதியை வாசிச்சுப்போட்டு, மிச்சமெல்லாம் பொய் எண்டிட்டினம்."

"அது வேறை, இது வேறை. நீங்கள் அனுப்பிறவரைக்கும் ஒருத்தரும் பாக்க மாட்டினம். செய்தவன் நான் சொல்லுறன். மிச்சத்தை ஆறுதலா எழுதுங்கோ," என்றேன்.

திங்கட்கிழமை, சும்மா ஒருதரம் பார்ப்போமென்று, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்களின் திரையைத் திறந்தேன். முடிந்த விண்ணப்பங்களோடு முடியாதவையும் வரிசையில் நின்றன. அவற்றைப் பிரித்து வைக்க நான் மறந்திருந்தேன். அன்ரியினதும் அங்கே இருந்தது. 'படி ஏற முடியுமா?' என்ற கேள்விக்கு, பொய் சொல்லத் தெரியாத மனிசி, 'ஆம்' என்று போட்டிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் குந்தியிருந்துதான் ஏறுகிறார் என்பதை எழுதவேண்டிய பெட்டி வெறுமையாக இருந்தது. நாலு நாளாக அவர் யோசித்துக்கொண்டிருந்தது அந்த வசனத்தைத்தான். விண்ணப்பத்தின் பக்கத்தில் காலையிலேயே யாரோ குறித்துவிட்டார்கள்: 'படி ஏறுவார். கீழ்வீடு தேவையில்லை.'

மத்தியானத்துக்குள் பிழையைத் திருத்தினேன். குறித்தவரிடம் பேசி அந்தக் குறிப்பையும் எடுப்பித்தேன். இந்த வேலையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்ரியிடம் போய்ச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

பின்னேரம் மேலே போய் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

"என்ரையை எடுத்துப்போட்டீர், சரி. பாதியிலை விட்ட மற்ற ஆக்களுக்கு என்னெண்டு எழுதி வைச்சிருக்கினம்?"

அதை நான் பார்க்கவே இல்லை.