அக்கா சுமந்த சீம்பால் பழி

எங்கள் அக்கா கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், எருமையும் ஆடும் நிறைந்த தோட்டத்து வீட்டில் பிறந்தவர். திருமணமாகி டெக்சாஸ் வந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மாமாவின் மறைவுக்குப் பிறகு, குடியிருந்த காப்பெல் நகரிலேயே இருக்கும்படி எல்லோரும் கெஞ்ச, அவரோ இரண்டு மணி நேரத் தொலைவில் பத்து ஏக்கர் வாங்கி, ஆடும் கோழியும் வளர்க்கப் போய்விட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த முதலாண்டு நினைவு நாளில் அவருடைய நற்குணங்களைப் பலரும் எழுதுவார்கள். எனக்கோ ஒரு பழியைத் துடைக்கும் வேலை இருக்கிறது. குட்டிக்குரிய சீம்பாலைக் கறந்து தின்றவர் என்று அக்காவைக் கேலி செய்யாத விசேஷம் நம் குடும்பத்தில் இல்லை. கறந்தவர் அக்கா அல்ல, தம்பியாகிய நான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரிக் கடைசி. ஐஸ் மழை கொட்டி, கரண்ட் போய், ரோடெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. உதவிக்கென்று போயிருந்தேன். காலையில் ஓர் ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது. தண்ணீர்த் தொட்டியில் உறைந்ததை உடைக்க அக்கா போன நேரத்தில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. சீம்பால் தின்று எத்தனை வருஷமாயிற்று! பெரிய குட்டி குடித்துவிட்டதே, போதாதா என்று மடியை ஒட்டக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு கேஸ் அடுப்பில் ஏற்றினேன்.

சின்னக் குட்டி எழுந்து நிற்கவே இல்லை. அதற்குப் புட்டியில் புகட்டலாம் என்று அக்கா வந்து மடியில் கை வைத்தார்.

"டேய், சீம்பால் எங்கடா?"

"அடுப்புல இருக்குதுக்கா..."

"அடப்பாவி! மொதப் பால் உள்ள போகலீன்னா குட்டி செத்துப் போயிருமேடா!"

சில்லிட்டுக்கொண்டிருந்த குட்டியைத் தன் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பண்ணை டோனா அம்மையாருக்கு போன் செய்தார். ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்த சீம்பாலோடு, டிராக்டரில் ஐஸ் மேல் ஊர்ந்தே வந்து சேர்ந்தார் அந்தப் புண்ணியவதி. எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"மை மிஸ்டேக், டோனா" என்று, ஆசைப்பட்டுத் தானே கறந்து அடுப்பில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

குட்டி பிழைத்தது. அடுத்த பொங்கலுக்கு வந்த டோனா அந்தக் கதையை எல்லோருக்கும் சொல்ல, கேலி தொடங்கியது. நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிப்போடறேன்க்கா" என்றேன்.

"சும்மா இரு கண்ணு. உன்ற மகளக் கட்டுன புது மாப்பிள்ளை முன்னாடி உன்ற மரியாதை என்னத்துக்கு ஆகறது? என்னயச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

அக்கா படுத்திருந்த நாளெல்லாம் ஆடுகளுக்குத் தீவனம் வைத்த டோனா அம்மையாருக்கும், முறை வைத்து சமைத்துக் கொண்டுவந்த காப்பெல் நண்பர்களுக்கும், கடைசி மூச்சு வரை கையைப் பிடித்திருந்த அக்கா மகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு மட்டும் நான் நேரில் நன்றி சொல்லவே இல்லை. இதுவே அது.

மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இனி என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

— தம்பி